கொலை, படுகொலை, வதம்: வட ஆற்காட்டுச் சாவுகள் சிலவற்றை முன்வைத்து

அஸாஸினேஷன் என்பதற்குத் தமிழில் தனிச்சொல் கிடையாது. பத்திரிகைகள் படுகொலை என்று எழுதுகின்றன. இந்திரா காந்தி படுகொலை, ராஜீவ் காந்தி படுகொலை. 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேரை எரித்ததும் படுகொலைதான். ஜாலியன்வாலாபாக்கும் படுகொலைதான். ஆங்கிலத்தில் இவை இரண்டுக்கும் வெவ்வேறு சொற்கள் உண்டு. உயரத்தில் இருக்கிற ஒற்றை ஆளைக் கொல்வதற்கு ஒன்று, கீழே கும்பலாக இருக்கிறவர்களைக் கொல்வதற்கு இன்னொன்று. நம் மொழிபெயர்ப்பாளர்கள் இதைத் தமிழின் போதாமை என்று அலுத்துக்கொள்வது வழக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. படுகுழி, படுபாவி, படுதோல்வி என்னும்போது 'படு' குறிப்பது கொடுமையின் அளவை. ஆளின் அந்தஸ்தை அல்ல. செத்தவன் யார் என்று கேட்காமல், செத்த விதம் எப்படி என்று மட்டும் கேட்கிற சொல் அது. தெரியாமலேயே மொழிக்குள் தங்கிவிட்ட ஒரு சமத்துவம் இது என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் சொல்லில் இருக்கிற சமத்துவம் நடப்பில் இல்லை. தெருவில் ஒருவன் வெட்டப்பட்டால் "ஆளப் போட்டுட்டாங்க" என்பதோடு முடிந்துவிடுகிறது. 'போடுவது' மூட்டையைப் போடுவது மாதிரிதான். தலைவர் ஒருவர் செத்தால் மட்டும் கேள்விகள் கிளம்புகின்றன: ஏன், யார் பின்னணி, யாருக்கு லாபம், எந்த நாடு. கொலைக்கும் அரசியல் கொலைக்கும் உள்ள வேறுபாட்டைக் கொன்றவனின் நோக்கத்தில் தேடுவதே வழக்கம். காசுக்கும் பெண்ணுக்கும் முன்விரோதத்துக்கும் கொன்றால் கொலை. கொள்கைக்கும் ஆட்சிக்கும் கொன்றால் அரசியல் கொலை என்கிறார்கள். வரலாற்றை வைத்துப் பார்த்தால் இந்த விளக்கம் நிற்காது. எங்கள் பக்கத்துக் கதைகளையே எடுத்துக்கொள்ளலாம்.

சோளிங்கரிலிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் வேலூர்க் கோட்டை. சுற்றுலா வருகிறவர்களுக்கு அங்கே 1806 சிப்பாய்ப் புரட்சியைச் சொல்வார்கள், திப்புவின் குடும்பம் இருந்த மகாலைக் காட்டுவார்கள். 1742 அக்டோபரில் அந்தக் கோட்டைக்குள் ஆற்காட்டு நவாப் சப்தர் அலி கொல்லப்பட்டதை யாரும் சொல்வதில்லை. தென்னிந்தியாவில் வெள்ளைக்காரன் ஆட்சி பிடித்த கதைக்குக் கதவு திறந்துவிட்ட சாவுகளில் அது ஒன்று.

பின்னணி இது. 1740 மே மாதம் தாமல்செருவுக் கணவாயில் மராட்டியரோடு நடந்த சண்டையில் நவாப் தோஸ்த் அலி செத்தார். மகன் சப்தர் அலி வேலூர்க் கோட்டைக்குள் ஒதுங்கினார். ஒரு கோடி ரூபாய் தருவதாகத் தவணை பேசி மராட்டியரைத் திருப்பி அனுப்பினார். 1741 மார்ச்சில் திருச்சிராப்பள்ளி விழுந்தது. அங்கே இருந்த சந்தா சாகிபு கைதியாகச் சதாராவுக்குப் போனார். மராட்டியருக்குத் தவணை கட்டப் பணம் வேண்டும். நவாப் கில்லேதார்களிடம் வசூலிக்கத் தொடங்கினார். வேலூர்க் கில்லேதார் முர்தஸா அலிதான் இவர்களில் பெரிய பணக்காரர், கருமி என்றும் பெயரெடுத்தவர், நவாபின் தங்கை புருஷன். முதலில் விஷம் வைத்தார்கள், பலிக்கவில்லை. பிறகு ராத்திரியில் ஆள் அனுப்பிக் குத்திக் கொன்றார்கள்.

இதில் கொள்கை எங்கே இருக்கிறது? மச்சான் மாப்பிள்ளைத் தகராறு, பாக்கிப் பணம், இருட்டில் கத்தி. இன்றைக்கு நம் ஊர்க் காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். போட்டால் 'குடும்ப முன்விரோதம்' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அப்படியிருக்க இது ஏன் வரலாறாகிறது? செத்தவர் உட்கார்ந்திருந்த இடம் காலியானதால்தான். அந்தக் காலி இடத்தைச் சுற்றி அடுத்த பத்து ஆண்டுகள் இந்த நாடே சுழன்றது.

முர்தஸா அலி ஆற்காட்டுக்குப் போய்த் தன்னையே நவாப் என்று அறிவித்துக்கொண்டார். படை சம்பளப் பாக்கி கேட்டது. சென்னையில் ஆங்கிலேயர் பாதுகாப்பில் இருந்த சப்தர் அலியின் குடும்பத்தை ஒப்படைக்கச் சொன்னார், அவர்கள் மறுத்தார்கள். திருச்சியிலிருந்து முராரி ராவும் அவரை ஏற்கவில்லை. ஒரு மாதத்துக்குள்ளேயே பெண் வேடம் போட்டு, மூடுபல்லக்கில் ஏறி வேலூருக்கு ஓடிவந்துவிட்டார் என்று கம்பெனியின் வரலாற்றை எழுதிய ராபர்ட் ஓர்ம் சொல்கிறார். (கொன்றவனை வேடிக்கைப் பொருளாக்குவதற்குப் பெண் உடை போட்டுவிடுகிற இந்த உத்தி எல்லா வரலாற்றாசிரியருக்கும் பிடித்திருக்கிறது. அதை அவர்கள் எவ்வளவு ரசித்து எழுதுகிறார்கள் என்பது தனியே ஆராய வேண்டியது.)

1743இல் நிஜாம் பெரும்படையோடு வந்தார். ஆற்காட்டில் சின்னதும் பெரியதுமாகப் பதினெட்டுப் பேர் தங்களை நவாப் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார்களாம். இனி எவனாவது நவாப் என்று சொன்னால் சவுக்கடி என்று அவர் கோபத்தில் உத்தரவிட்டதாகக் கதை. காலி நாற்காலி எத்தனை பேரை வரவழைக்கிறது பாருங்கள். நிஜாம் நியமித்த குவாஜா அப்துல்லா, பதவியேற்கப் புறப்பட வேண்டிய காலையில் படுக்கையில் பிணமாகக் கிடந்தார். விஷம் என்று சந்தேகம். அது கொலையா, படுகொலையா, மாரடைப்பா? யாரும் விசாரிக்கவில்லை. அடுத்த ஆளாக அன்வருத்தீன் கான் அனுப்பப்பட்டார். சப்தர் அலியின் மகன் சின்னப் பையன்; அவன் பெரியவனாகும்வரை அன்வருத்தீன் பார்த்துக்கொள்வார் என்று ஏற்பாடு.

1744இல் ஆற்காட்டில் ஒரு கல்யாண வீடு. விருந்தாளிகளில் அன்வருத்தீனும் உண்டு, முர்தஸா அலியும் உண்டு. சம்பளப் பாக்கிக்காகப் பல நாளாக நடையாய் நடந்து அவமானப்பட்டிருந்த பட்டாணியச் சிப்பாய்களின் தலைவன், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பையனைக் கத்தியால் குத்திக் கொன்றான். கொன்றவர்களில் பலரைக் கூட்டம் அங்கேயே வெட்டிப் போட்டது. முர்தஸா அலி உடனே வேலூருக்குக் கிளம்பிவிட்டார். ஏவியது அவரா அன்வருத்தீனா என்று அன்றைக்கே ஊர் இரண்டாகப் பிரிந்து பேசியது. கடைசிவரை பதில் கிடைக்கவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கத்தி பிடித்தவனுடைய காரணம் கூலி. மாதக்கணக்கில் கொடுபடாத கூலி. அந்தக் காரணம் வரலாற்றுக்குத் தேவைப்படவில்லை. ஏவியவர் யார் என்பது மட்டும்தான் தேவைப்பட்டது. சிப்பாய்க்குச் சொந்தக் கோபம் இருக்கக் கூடாது, அவன் யாரோ ஒரு பெரிய மனிதரின் கையாகத்தான் இருக்க வேண்டும் என்பது அரசியல் கொலை பற்றிய சொல்லாடலின் முதல் விதி. எதிரே இருக்கிறவரின் தரத்துக்குக் கொலைகாரனின் தரமும் உயர்த்தப்பட வேண்டியிருக்கிறது. கூலி கேட்டவன் நவாப் வாரிசைக் கொன்றான் என்றால் வரலாற்றுக்கே அவமானம் போல.

பிறகு நடந்தது நமக்குத் தெரியும். 1749 ஆகஸ்ட் 3இல் ஆம்பூரில் யானைமேல் இருந்த அன்வருத்தீன் துப்பாக்கிச் சூட்டில் செத்தார். 1750 டிசம்பரில் செஞ்சிக்குப் பக்கத்தில் நாஸிர் ஜங்கைக் கூட வந்த பட்டாணிய நவாபே சுட்டுக் கொன்றான். இரண்டே மாதத்தில் முஸாபர் ஜங். 1752 ஜூனில் சந்தா சாகிபின் தலை வெட்டப்பட்டது. ஒவ்வொரு முறையும் காலியான இடத்துக்கு ஒருபக்கம் பிரெஞ்சுக்காரன் ஒரு ஆளை நிறுத்தினான், மறுபக்கம் இங்கிலீஷ்காரன் ஒரு ஆளை நிறுத்தினான். எல்லாம் முடிந்தபோது இடம் மட்டும் கம்பெனியிடம் இருந்தது. முர்தஸா அலிக்கு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. சப்தர் அலி கொலைக்கு விசாரணை இல்லை, தண்டனை இல்லை. பதினோரு வருஷம் கழித்து, 1753இல், டூப்ளே அவரையே ஆற்காட்டு நவாபாக அறிவித்தார்.

இந்தச் சாவுகளில் ஆம்பூர்ச் சாவு மட்டும் கொலைக் கணக்கில் வராது. அது போர். போரில் கொல்வதற்கு வேறு இலக்கணம். அதுவும் எவ்வளவு மெல்லிய கோடு என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. சோளிங்கருக்குக் கிழக்கே உள்ள தக்கோலத்தில் 949இல் சோழ இளவரசன் இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே செத்தான். சோழர் கல்வெட்டுகள் அவனை 'ஆனைமேல் துஞ்சினவர்' என்று குறிப்பிடுகின்றன. தூங்கினார் என்று பொருள், கொன்றவனுக்கு அங்கே இடமே இல்லை. கொன்ற கங்க அரசன் பூதுகனின் பக்கத்துச் சாசனம் கர்நாடகத்தில் ஆதகூரில் இருக்கிறது. அதை முதலில் படித்தபோது, நட்போடு இருந்தவனை வஞ்சகமாகக் குத்திக் கொன்றான் என்று பொருள் கொண்டார்கள். பிறகு வாசகம் திருத்தப்பட்டது: யானையின் அம்பாரியையே போர்க்களமாக்கிக் கொன்றான் என்று. ஓரிரு எழுத்து மாறியதும் வஞ்சகக் கொலை வீரச் செயலாகிவிட்டது. ஆயிரம் வருஷத்துக்குப் பிறகு, ஒரு மேஜைமேல், பூதக்கண்ணாடியின் கீழ்!

சோழர் காலத்தில் ராஜ கொலைக்குச் சொல் இல்லாமல் இல்லை. உடையார்குடிக் கல்வெட்டு இராசராசனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்கள் பற்றிப் பேசும்போது அவர்களைக் கொலைகாரர்கள் என்று சொல்லவில்லை, துரோகிகள் என்கிறது. பிரம்மாதிராஜன் பட்டம் வைத்திருந்த அதிகாரிகள் அவர்கள். அவர்களுடைய நிலம் மட்டுமல்ல, உறவுக்காரர்களின் நிலமும் பறிக்கப்பட்டது. துரோகம் என்பதை ஒருவன் தனியாகச் செய்ய முடியாது, ரத்த உறவுக்கும் பரவும் என்பது கருத்து. ஐரோப்பாவிலும் இதுவே. இங்கிலாந்தில் 1351ஆம் ஆண்டின் சட்டப்படி அரசனின் சாவை மனத்தால் நினைப்பதே ராஜத்துரோகம். அதே சட்டத்தில் சின்னத் துரோகம் என்றும் ஒரு வகை இருந்தது: வேலைக்காரன் எஜமானைக் கொல்வது, மனைவி புருஷனைக் கொல்வது. எஜமான் வேலைக்காரனைக் கொன்றாலோ புருஷன் மனைவியைக் கொன்றாலோ அது வெறும் கொலை. 1828வரை சட்டப் புத்தகத்தில் இது இருந்தது. அரசியல் கொலை என்கிற கருத்தின் பூர்வீகம் இதுதான்: கீழே இருக்கிறவன் மேலே இருக்கிறவனைக் கொல்வது. 1757இல் பதினைந்தாம் லூயியைச் சின்னக் கத்தியால் கீறியதற்காக தாமியேனைக் குதிரைகளில் கட்டி இழுத்ததை ஃபூக்கோ தம் நூலின் தொடக்கத்தில் விவரிப்பது தெரிந்ததே. அங்கே தண்டனை, காயத்துக்கு அல்ல; கீழிருந்து மேலே கை நீண்டதற்கு.

அஸாஸின் என்ற சொல்லே அலமூத் கோட்டை இஸ்மாயிலிகளை அவர்களுடைய எதிரிகள் வசையாகச் சொன்ன பெயரிலிருந்து வந்தது. 1092இல் அவர்கள் கொன்றதாகச் சொல்லப்படும் பெரிய தலை, செல்ஜுக் மந்திரி நிஜாமுல் முல்க். ஆற்காட்டுக் கொலையைச் சரிசெய்ய வந்த ஐதராபாத்காரர் வைத்திருந்ததும் அதே பட்டம்தான்.

நவீன சட்டம் இந்தத் தரம்பிரிப்பைக் கைவிட்டுவிட்டதாகச் சொல்லிக்கொள்கிறது. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் அரசியல் கொலை என்று பிரிவு கிடையாது. குடியரசுத் தலைவரையோ ஆளுநரையோ மிரட்டித் தாக்குவதற்குத் தனிப்பிரிவு உண்டு. ஆனால் செத்துவிட்டால் அவருக்கும் 302, சந்தைக்குப் போன கூலிக்காரருக்கும் 302. 2024 ஜூலை 1 முதல் அந்த எண் பாரதிய நியாய சன்ஹிதாவில் 103 ஆகியிருக்கிறது. அவ்வளவுதான்.

சட்டம் தராத பெயரை வேறு இடங்கள் தருகின்றன. 1911 ஜூன் 17 காலை மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டார், பிறகு தன்னையே சுட்டுக்கொண்டார். கவர்மெண்டுக்கு அது கொலையும் சதியும். தேசியவாதிகளுக்கு அது கொலையே அல்ல, வதம். சட்டைப்பையில் இருந்த கடிதம் ஐந்தாம் ஜார்ஜைப் பஞ்சமன் என்று இழிவாகச் சுட்டியதும், அந்தச் சொல் யாரை இழிவுபடுத்துகிறது என்பதும் நீண்ட காலம் பேசப்படவில்லை. தலித் வாசிப்புகள் வந்த பிறகே அந்தக் கடிதம் முழுதாகப் படிக்கப்பட்டது. ரயில் நிலையத்தின் பெயர் இன்றைக்கு வாஞ்சி மணியாச்சி.

வதம் என்ற சொல்லைப் பற்றிச் சோளிங்கர்க்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1305 படி ஏறினால் உச்சியில் நரசிம்மர், யோகத்தில் உட்கார்ந்திருக்கிறார். வயிற்றைக் கிழித்த கை இப்போது முழங்கால்மேல். எங்கள் பக்கத் தெருக்கூத்தில் இரணியன் கதை விடிய விடிய நடக்கும். கடைசியில் நரசிம்ம வேஷம் கட்டினவருக்கு ஆவேசம் வந்துவிடும் என்று சங்கிலி போட்டுப் பிடித்துக்கொள்வார்கள். வதம் என்பது கொன்றவருக்குக் கைகழுவத் தண்ணீர் தருகிற சொல். கொன்றது ஆள் அல்ல, அறம் என்று ஆக்கிவிடுகிறது. 1934இல் பாரதிதாசன் 'இரணியன் அல்லது இணையற்ற வீரன்' என்று நாடகம் எழுதியபோது செய்தது, ஒரு வதத்தைத் திரும்பவும் கொலையாக மாற்றியதுதான். அதோடு நிற்காமல் அரசியல் கொலையாகவும் மாற்றினார். ஒரு திராவிட மன்னன் சூழ்ச்சியால் கொல்லப்படுகிறான். பெயரை மாற்றுவதற்கு ஒரு இயக்கமே தேவைப்பட்டது.

இனி வேலூருக்கே திரும்பலாம், கோட்டைக்கு அல்ல, ஜெயிலுக்கு.

1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் வெடித்தது ஒரு குண்டு. ராஜீவ் காந்தி அப்போது பிரதமர் அல்ல, முன்னாள் பிரதமர். அவர் மறுபடி உட்காரக்கூடும் என்ற நாற்காலிக்காகக் கொல்லப்பட்டார். அதே நொடியில் அவரோடு பத்துக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். பந்தோபஸ்துக்கு நின்ற போலீஸ்காரர்கள், கட்சிக்காரர்கள், அவருக்குக் கவிதை சொல்ல வந்த சிறுமி. ஒரே வெடிமருந்து, ஒரே நொடி. ஆனால் ஒருவர் படுகொலை செய்யப்பட்டார், மற்றவர்கள் 'உடன் பலியானார்கள்'. சட்டத்தின் எண்ணிக்கையில் எல்லாரும் சமம், ஒவ்வொரு உயிருக்கும் 302. வரலாற்றின் எண்ணிக்கையில் ஒன்றும், மற்றவையும்.

பூந்தமல்லி தடா நீதிமன்றம் 1998 ஜனவரி 28இல் 26 பேருக்கும் தூக்கு என்று தீர்ப்பளித்தது. உடையார்குடிக் கல்வெட்டு ஞாபகம் வராமல் இதைப் படிக்க முடியவில்லை. உச்ச நீதிமன்றம் 1999 மே 11இல் 19 பேரை விடுவித்தது, நான்கு பேருக்குத் தூக்கை உறுதி செய்தது, மூவருக்கு ஆயுள். அந்தத் தீர்ப்பில் நம் விவாதத்துக்கு மிக முக்கியமான ஒன்று இருக்கிறது: இது பயங்கரவாதச் செயல் அல்ல என்று நீதிமன்றம் சொன்னது. அரசைப் பணியவைப்பது இவர்களுடைய நோக்கமாக இருந்ததென்று நிறுவப்படவில்லை, ஒரு குறிப்பிட்ட மனிதரைக் கொல்வதே நோக்கம், ஆகவே தடாச் சட்டம் பொருந்தாது, இது சதியும் கொலையும் மட்டுமே. அதாவது இந்த நாட்டின் உச்ச நீதிமன்றமே, இந்தியாவின் மிகப் பிரபலமான அரசியல் கொலையைக் கொலை என்று பெயரிட்டுவிட்டது. ஆனால் தடா போனபோதும், தடாவின்கீழ் போலீஸ் அதிகாரி வாங்கிய வாக்குமூலங்கள் போகவில்லை. அவை செல்லும் என்றார்கள். ஜோலார்பேட்டைப் பேரறிவாளன் பத்தொன்பது வயதில் வாங்கிக் கொடுத்த ஒன்பது வோல்ட் பேட்டரிகள் எதற்கென்று தெரியாது என்று அவர் சொன்னதைத் தான் பதிவுசெய்யவில்லை என, வாக்குமூலம் எழுதிய அதிகாரியே 2013இல் சொன்னார். சாதாரணக் கொலை வழக்கில் போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் சாட்சியமே ஆகாது. பெயர் கொலை, நடத்தியது படுகொலையாக.

வேலூர் மத்தியச் சிறையில் முருகன், சாந்தன், பேரறிவாளன் மூவரையும் 2011 செப்டம்பர் 9இல் தூக்கிலிட நாள் குறித்தார்கள். காஞ்சிபுரத்தில் செங்கொடி தீக்குளித்தார். உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. 2014 பிப்ரவரி 18இல் தூக்கு ஆயுளானது. அதன்பிறகும் விடுதலை இல்லை. மாநில அரசு விடலாமா மத்திய அரசு விட வேண்டுமா என்று அரசியல் சாசன அமர்வுவரை போனது. 2018 செப்டம்பரில் தமிழக அமைச்சரவை விடுவிக்கப் பரிந்துரைத்தது. ஆளுநர் மாளிகை கோப்பைத் தூங்கவைத்தது. கடைசியில் உச்ச நீதிமன்றம் தன் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி 2022 மே 18இல் பேரறிவாளனையும், நவம்பர் 11இல் மற்ற ஆறு பேரையும் விடுவித்தது. முப்பத்தோரு வருஷம். அற்புதம்மாள் ஜோலார்பேட்டைக்கும் வேலூருக்கும் புழலுக்கும் அலைந்த பஸ் டிக்கெட்டுகளை அடுக்கினால் அதுவே ஒரு ஆவணக் காப்பகம்.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு சாவை வைக்க வேண்டும். மதுரை மாவட்டம் மேலவளவு. பஞ்சாயத்துத் தலைவர் பதவி 1996இல் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்கச் சாதியினர் தேர்தலையே நடக்கவிடவில்லை. வேட்பாளர்கள் மிரட்டப்பட்டு விலகினார்கள், வாக்குப்பதிவு குலைக்கப்பட்டது. கடைசியில் அந்த ஆண்டின் முடிவில் போலீஸ் காவலோடு தேர்தல் நடந்து முருகேசன் தலைவரானார். அலுவலகத்தில் போய் உட்காரவே அவரால் முடியவில்லை. 1997 ஜூன் 30இல் மதுரையில் கலெக்டர் அலுவலகத்துக்குப் போய்விட்டுப் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தவரை ஊருக்கருகில் வழிமறித்து வெட்டினார்கள். தலையைத் துண்டித்து எடுத்துப் போய்க் கிணற்றில் போட்டார்கள். அவரோடு ஐந்து பேர் செத்தார்கள்.

அரசியல் கொலைக்கு எந்த இலக்கணத்தை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். செத்தவர் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர். காரணம் அவர் வகித்த பதவி. அது தவிர வேறு காரணமே இல்லை. நோக்கம் அந்த நாற்காலியில் இன்னார் உட்காரக் கூடாது என்பது, இனி யாரும் துணியக் கூடாது என்பது. அரசியல் சாசனத்தின் 73ஆம் திருத்தத்துக்கு எதிராகவே அரிவாள் ஓங்கப்பட்டது. சப்தர் அலி கொலையில்கூட இவ்வளவு தெளிவான அரசியல் இல்லை. ஆனாலும் இதை யாரும் அஸாஸினேஷன் என்று எழுதவில்லை. 'சாதி மோதலில் ஆறு பேர் கொலை.' மோதல்! ஒரு பக்கம் மட்டுமே சாகிற மோதல்.

ஏன் எழுதவில்லை? நாற்காலி அரசினுடையது, ஆனால் உட்கார்ந்தவர் அதற்கு உரியவர் என்று சமூகம் ஒத்துக்கொள்ளவில்லை. காலியானது ஒரு இடம் என்றே அது உணரவில்லை; அத்துமீறி வந்தவர் அகற்றப்பட்டார் என்றுதான் உணர்ந்தது. இங்கிலாந்துச் சட்டத்தின் பழைய விதியை நினைத்துப் பாருங்கள். கை கீழிருந்து மேலே நீண்டால்தான் துரோகம். மேலிருந்து கீழே வந்தால் வெறும் கொலை. சட்டப் புத்தகத்திலிருந்து போனது ஊரில் இருக்கிறது. 1957 செப்டம்பர் 11இல் பரமக்குடியில் இமானுவேல் சேகரன் வெட்டப்பட்டதை அரசியல் படுகொலை என்று சொல்லவைக்க எத்தனை பத்தாண்டுகள் ஆயின! 2024 ஜூலை 5இல் பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் வெட்டப்பட்டபோதும், உடல் அடக்கமாவதற்குள்ளேயே 'முன்விரோதம்' என்ற சொல் வந்துவிட்டது. அந்த வழக்கின் உண்மையை நீதிமன்றம் பார்க்கட்டும். நான் சொல்வது அந்தச் சொல் எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதைப் பற்றி. தலைவர்களின் கொலையில் பின்னணி தேடப்படுகிறது. தலித் தலைவர்களின் கொலையில் பின்னணி முன்கூட்டியே தெரிந்திருக்கிறது.

வேறுபாடு வெறும் பெயரில் இல்லை. அது ஜெயிலில் வருஷக் கணக்காக மாறுகிறது. மேலவளவு வழக்கில் 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 302ஆம் பிரிவுதான், வேலூரில் இருந்தவர்களுக்கும் அதே பிரிவுதான். அண்ணா நூற்றாண்டையொட்டி 2008இல் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆயுள் கைதிகள் விடப்பட்டபோது மேலவளவுக் குற்றவாளிகளில் மூவர் வெளியே வந்தார்கள். நளினி அந்தப் பட்டியலில் இல்லை. எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டி 2019 நவம்பரில் மேலவளவின் மிச்சப் பதின்மூன்று பேரும் விடப்பட்டார்கள். கோப்பு எந்த மாளிகையிலும் தூங்கவில்லை, டெல்லி வேண்டாம் என்று சொல்லவில்லை, அரசியல் சாசன அமர்வு கூடவில்லை. ஆறு உயிருக்கு அவர்கள் தந்த ஆண்டுகளையும், பேட்டரி வாங்கியவர் தந்த ஆண்டுகளையும் வாசகர்களே கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம். நான் எழுவரின் விடுதலையை எதிர்க்கவில்லை. மரண தண்டனை கூடாது என்பவன், முப்பது வருஷச் சிறையும் கூடாது என்பவன். ஒரே பிரிவில் இரண்டு அளவுகோல் எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி. நீதிமன்றம் 'கொலை' என்று திருத்திச் சொன்ன பிறகும் அரசு இயந்திரம் ஒன்றைத் துரோகமாகவே நடத்தியது, இன்னொன்றைப் பங்காளிச் சண்டையாக நடத்தியது.

புதிய சட்டத்தில் 103இன் இரண்டாம் உட்பிரிவு, ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து இனம், சாதி, மொழி போன்ற காரணத்துக்காகக் கொன்றால் அதைத் தனியாக வகைப்படுத்துகிறது. செத்தவரின் நாற்காலியைப் பார்க்காமல் கொன்றவர்களின் கூட்டத்தைப் பார்க்கிற பிரிவு இது. எப்படிப் பயன்படும், யார்மேல் பாயும் என்று பார்க்க வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை எஃப்.ஐ.ஆரில் போடவைப்பதற்கே மறியல் செய்ய வேண்டியிருக்கிற ஊர்களில் இதுவும் எழுதப்படுமா என்பது சந்தேகம்தான்.

கடைசியாக, பட்டியலில் சேராத சாவு ஒன்று. 2015 ஜனவரி 31 விடியற்காலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்தது. குரோமியமும் சுண்ணாம்பும் கலந்த சேறு, பக்கத்தில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள்மேல் கவிந்தது. பத்துப் பேர் செத்தார்கள், பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். இதைக் கொலை என்றுகூட எழுதவில்லை, விபத்து என்று எழுதினார்கள். கத்தி இல்லை, பிடித்த கை இல்லை, காலியான நாற்காலியும் இல்லை. அவர்கள் படுத்திருந்த இடத்துக்கு அடுத்த மாதமே வேறு ஆட்கள் வந்துவிடுவார்கள். அந்த இடத்துக்காக எந்த நிஜாமும் படையெடுத்து வரப்போவதில்லை. துஞ்சினார் என்ற சொல் இவர்களுக்குத்தான் அச்சாகப் பொருந்துகிறது, தூங்கும்போதே செத்தவர்கள் இவர்கள்தான். ஆற்காட்டுக் கல்யாண வீட்டில் கூலிப் பாக்கிக்காகக் கத்தி எடுத்த பட்டாணியனின் பெயரும் எங்கும் எழுதப்படவில்லை. ராணிப்பேட்டையிலிருந்து பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் எதிரே ஆற்காடு.